வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் ஒரு பிறந்த வீடு

குபானிச்சுக்குக் கல்யாணம் ஆகிவிட்டது என்பது கிர்கிஸ் மலைக் கிராமமான கோக்-தாஷில் எல்லோருக்கும் தெரியும். அந்தக் கல்யாணத்துக்கு வெட்டுப்பட்ட ஆடுகளின் உறவுக்கார ஆடுகளுக்குக்கூடத் தெரியும். அவை இன்றைக்கும் அவனைக் கண்டால் வேலியோரம் ஒதுங்கித்தான் நிற்கின்றன. தெரியாதது அரசாங்கத்துக்கு மட்டும்தான்.

குபானிச் கால்நடை மருத்துவன். வெறி பிடித்த எருதுக்கும் தைரியமாக ஊசி போடுவான். மனிதர்களிடம் பேசச் சொன்னால் மட்டும் தரையைப் பார்ப்பான். மனைவி டைவா லிதுவேனியாக்காரி. மலைக் குதிரைகளைப் பற்றி ஏதோ ஆராய்ச்சி செய்ய வந்தவள். ஒரு குதிரை குபானிச்சின் விலாவில் உதைத்த அன்று, குதிரையின் குளம்புக்கு ஒன்றும் ஆகவில்லையே என்று முதலில் அதைத் தூக்கிப் பார்த்துவிட்டு, அப்புறம்தான் அவன் பக்கம் திரும்பினாள். விலா வலியோடு விலா வலியாக, கட்டினால் இவளைத்தான் கட்டுவது என்று அவன் அங்கேயே முடிவு செய்துவிட்டான்.

கல்யாணத்தில் ஒரே ஒரு சிக்கல்தான் இருந்தது. பெண்ணுக்குப் பக்கத்தில் பிறந்த வீடு இல்லை. கோபம் வந்தால் போய் உட்கார ஓர் இடம், போனவளை அழைத்துவர மாப்பிள்ளை வீட்டார் தலை குனிந்து நிற்க ஒரு வாசல், இவை இல்லாமல் எந்தப் பெண்ணையும் இந்தப் பள்ளத்தாக்கில் மருமகளாக்குவதில்லை. தூரதேசத்துப் பெண் என்றால் ஊரிலேயே ஒரு தம்பதியை அவளுக்குத் தாய் தகப்பனாக அமர்த்திவிடுவார்கள். டைவாவுக்கு அமைந்த தகப்பன் இஷென்குல்.

இஷென்குல் முன்பு அறுவடை இயந்திரம் ஓட்டியவர். ஐந்து மகன்கள், ஐவரும் தலைநகர் பிஷ்கெக்கில். பெண் குழந்தை இல்லையே என்ற குறை அவருக்கும் அவர் மனைவி கலிபாவுக்கும் ஆயுள் முழுக்க இருந்தது. ஆகவே தகப்பன் பதவி கிடைத்ததும் அதை அவர் சும்மா விடவில்லை. பெண்ணுக்குப் பரிசமாக மாப்பிள்ளை வீட்டாரிடம் ஒரு குதிரை வாங்கினார். பெண்ணை அனுப்பும்போது தான் அழுத அழுகையில் வாய்க்காலில் தண்ணீர் ஏறி, கீழ்த்தெரு மாவு ஆலையின் சக்கரம் சுற்றியது என்று அவரே சொல்வார். அந்த ஆலையை மூடி வெகுகாலமாகிறது என்று யாரும் அவருக்கு நினைவூட்டுவதில்லை. டைவாவைப் பெற்ற ரிமான்டஸ், வில்னியஸ் நகரத்திலிருந்து கைப்பேசித் திரையில் கல்யாணத்தைப் பார்த்தார். இஷென்குல் தன் கோப்பையைத் திரையில் மோதி, "பங்காளி, கவலைப்படாதே, நான் பாத்துக்கறேன்" என்றார். ஒருவர் மொழி மற்றவருக்குத் தெரியாது. இருவரும் அரைமணி நேரம் பேசினார்கள்.

கல்யாணத்துக்குப் பிறகு காகிதங்கள் தொடங்கின. டைவா இந்நாட்டில் தங்க வேண்டுமானால், அவளுக்குக் காசநோய் இல்லை, அவள் சிறையில் இருந்ததில்லை, அவளுக்கு ஊரில் வேறு புருஷன் இல்லை என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனிச் சான்று வேண்டும். கடைசிச் சான்று லிதுவேனியாவிலிருந்து வந்து, நரின் நகரில் மொழிபெயர்ப்பாகி, நோட்டரியிடம் முத்திரை வாங்குவதற்குள் காலாவதியாகிவிட்டது.

"அதுக்குள்ள எனக்கு வேற புருஷன் கெடச்சிருப்பான்னு நினைக்கிறாங்களா?" என்று கேட்டாள் டைவா.

"இந்த ரோட்டுல கழுதையே வர மாட்டேங்குது. புருஷன் எங்கேருந்து வருவான்?" என்றான் குபானிச்.

மறுபடி வரவழைத்தார்கள். எல்லாம் சேர்ந்தது. மிச்சம் ஒன்றே ஒன்று. அதிகாரி ஒருவர் முன்னறிவிப்பில்லாமல் வீட்டுக்கு வந்து, இவர்கள் ஒரே கூரையின் கீழ் புருஷன் பெண்டாட்டியாக வாழ்கிறார்களா என்று பார்ப்பார். இல்லை என்று எழுதிவிட்டால் டைவா நாட்டை விட்டுப் போக வேண்டும். அப்புறம் ஒரு வருஷத்துக்கு உள்ளே கால் வைக்க முடியாது. குபானிச் தினமும் வாசலைப் பெருக்கினான். மருந்துப் பெட்டிகளை அடுக்கி வைத்தான். நாயைக்கூடக் குளிப்பாட்டினான்.

அந்த வாரம் பார்த்து இஷென்குல் வந்தார். உட்கார்ந்தார். டீயை உறிஞ்சினார். ஜன்னல் வழியாக மலையைக் காட்டி, குபானிச்சின் அம்மா புருலிடம் சொன்னார்:

"சம்பந்தி, உச்சியில வெள்ளை விழுந்தாச்சு, பாத்தீங்களா?"

புருல் பார்த்தாள். விஷயம் புரிந்தது. புது மருமகள் முதல் குளிர்காலத்துக்கு முன்னால் பிறந்த வீட்டுக்குப் போய்த் தங்க வேண்டும். அப்புறம் மாப்பிள்ளை வீட்டார் ஆடு கொண்டுபோய் மரியாதையாக அழைத்து வர வேண்டும்.

"மாமா, ஆபீஸ்லேருந்து எந்த நேரமும் ஆள் வருவாங்க" என்றான் குபானிச், தரையைப் பார்த்தபடி. "வந்து பாத்துட்டுப் போயிடட்டும். அப்புறம் எத்தனை நாள் வேணும்னாலும் கூட்டிட்டுப் போய் வெச்சுக்கோங்க."

"எப்ப வருவாங்க?"

"தெரியாது. சொல்லாமத்தான் வருவாங்களாம்."

"சொல்லாம வீட்டுக்குள்ள வர்றவன் திருடன், மாப்பிள்ளை. நான் வாசல்ல நின்னு சொல்லிட்டு வந்திருக்கேன். அது மட்டுமில்ல, அரசாங்கம் வந்து முப்பது வருஷமாச்சு. அதுக்கு முன்னாடி இன்னொரு அரசாங்கம் இருந்துச்சு, அதுக்கு முன்னாடி வேறொண்ணு. எங்கம்மா எல்லா அரசாங்கத்துலயும் பொறந்த வீட்டுக்குப் போனா."

"போகட்டும்டா" என்றாள் புருல். "பொண்ணை அனுப்பலேன்னு நாளைக்கு ஊரே என்னை வாயில போட்டு மெல்லும். மூணு தெருதானே!"

டைவா குபானிச்சைப் பார்த்தாள். அவன் ஏதாவது சொல்வான் என்று நின்றாள். அவன் டீக்கெண்டியின் மூக்கைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவள் உள்ளே போய்ப் பையைக் கட்டினாள்.

மறுநாள் காலையில் அதிகாரி வந்துவிட்டார்.

கேப்டன் சூரா. குள்ளமான பெண், பெரிய பூட்ஸ், கக்கத்தில் கோப்பு, தோளில் தொங்கும் சொந்த பிளாஸ்க். ஆய்வு செய்யும் வீட்டில் டீ குடிப்பதில்லை என்பது அவளுடைய விதி. ரொட்டியை மட்டும் ஒரு விள்ளல் பிட்டு வாயில் போட்டுக்கொண்டாள். வந்த வீட்டில் ரொட்டியைத் தொடாமல் எழுந்தால் அது எந்தச் சட்டத்திலும் மன்னிப்பில்லாத குற்றம்.

"சம்சாரம் எங்கே?"

புருல் தலை நிமிர்ந்து சொன்னாள். "பொறந்த வீட்டுக்குப் போயிருக்கா."

சூராவின் பேனா நின்றது. "எப்போ?"

"நேத்து."

"எந்த எல்லை வழியா?"

"எல்லையா? வாய்க்கால் வழியாத்தான். பலகை போட்டிருக்கு. பாத்துப் போகணும், வழுக்கும்."

சூரா புருலை ஒரு நிமிஷம் உற்றுப் பார்த்துவிட்டு, எழுந்துபோய்ப் படுக்கையறையைத் திறந்தாள். அலமாரியில் பெண்ணின் துணி இல்லை. வாசலில் பெண்ணின் பூட்ஸ் இல்லை. பல் தேய்க்கும் பிரஷ் ஒன்றுதான் இருந்தது. பிறந்த வீட்டுக்குப் போகிறவள் வெறும் கையோடு போனால் மாமியாருக்குத்தான் கெட்ட பெயர் என்று, இருந்ததையெல்லாம் புருலே அள்ளிக் கட்டி அனுப்பியிருந்தாள். எஞ்சியது ஒரு ஜாடி பீட்ரூட் ஊறுகாய்.

"இது அவளோடதுங்க" என்றான் குபானிச் அவசரமாக. "எங்க வீட்டுல வேற யாரும் இதைத் தொட மாட்டோம்."

"ஒரு ஜாடியை வெச்சு நான் ஒரு குடும்பத்தை எழுத முடியாது, தம்பி" என்றாள் சூரா. "அந்த வீட்டைக் காட்டுங்க."

இஷென்குல் வாசலில் நின்றிருந்தார். சீருடையைக் கண்டதும் உள்ளே போய்த் தன் உயரமான வெள்ளைக் கம்பளித் தொப்பியை வைத்துக்கொண்டு வந்தார். மாப்பிள்ளை வீட்டார் ஆடு கொண்டுவராமல் போலீஸைக் கொண்டு பெண்ணை அழைக்கப் பார்க்கிறார்கள் என்று அவருக்குத் தோன்றியது.

"டைவா ரிமான்டஸ் மகள் இங்கே இருக்காங்களா?"

"டைவா இருக்கா. என் மக."

"பாஸ்போர்ட்ல அப்பா பேரு ரிமான்டஸ்னு இருக்கு, அக்சகால்" என்றாள் சூரா, பெரியவர்களை அழைக்கும் மரியாதையோடு.

"அது பெத்தவரு. தங்கமான மனுஷன். அனுப்பி வெச்சது நான், அழுதது நான், குதிரை வாங்கினது நான்."

"அவங்களை எவ்வளவு நாளாத் தெரியும் உங்களுக்கு?"

இப்படி ஒரு கேள்வியை இஷென்குலிடம் கேட்கக் கூடாது. அவர் தொப்பியைச் சரிசெய்துகொண்டார்.

"நடக்க ஆரம்பிச்ச நாள்லேருந்து. மூணு வயசுல கணவாய்ப் பக்கம் விளையாடிட்டிருந்தா. அங்க காத்து தெரியுமில்ல? என் தொப்பியைத் தூக்கிட்டுச் சீனாவுக்குப் போயி, மூணு வருஷம் கழிச்சுத் துவைச்சுக் கொண்டாந்து குடுத்த காத்து. அது இவளையும் தூக்கிடுச்சு. நான் குதிரையில தொரத்துறேன், புடிக்க முடியல. கடல் ஓரமா ஒரு குளிர் ஊர்ல போய் விழுந்தா. அங்க வளந்தா. வளந்ததும் திரும்பி வந்துட்டா. வராம எங்கே போவா?"

சூரா அதில் ஒரு சொல்லையும் எழுதவில்லை. "சாட்சி நம்பத்தக்கவர் அல்ல" என்று மட்டும் எழுதினாள். குபானிச்சுக்கு அது தலைகீழாகத் தெரிந்தது. தலைகீழாகவே படித்து முடித்தான்.

உள்ளே டைவா முழங்கைவரை மாவோடு, கலிபாவின் பக்கத்தில் நின்று எண்ணெயில் போர்சோக் ரொட்டித் துண்டுகளைப் பொரித்துக்கொண்டிருந்தாள். குபானிச் நேராக அவளிடம் போனான்.

"பையை எடு. வீட்டுக்குப் போகலாம். இவங்க ஒரு தடவை பாத்தாப் போதும்."

"என் மக என்ன வழி தப்பின ஆடா, காதைப் புடிச்சு ஓட்டிட்டுப் போக?" என்றார் இஷென்குல் கதவருகிலிருந்து.

டைவா பொரிந்ததை எடுத்துத் தட்டில் போட்டாள். அவளுடைய கிர்கிஸ் பேச்சு குட்டை வாக்கியங்களால் ஆனது. கோபம் வந்தால் இன்னும் குட்டையாகும்.

"நேத்து நான் போனேன். நீ டீக்கெண்டியைப் பாத்தே. இன்னிக்கு காகிதம் வந்துச்சு. ஓடி வர்றே. எனக்காக வரல. காகிதத்துக்காக வந்தே."

"காகிதம் இல்லேன்னா நீயே இருக்க மாட்டியே!"

"அப்ப காகிதத்தையே கட்டிக்கோ. அது ஜன்னல் தொறக்காது."

இதோடு போயிருக்கலாம். ஆனால் ஜன்னல் என்ற சொல் குபானிச்சின் விலாவில் இரண்டாவது உதையாக விழுந்தது.

"ஜன்னலைப் பத்திப் பேசாதே! உறைபனியில ஜன்னலைத் தொறந்து வெச்சுத் தூங்குற ஜென்மம் உலகத்துல உண்டா? காலையில எழுந்தா என் மீசையில பனி!"

"நீ சுவத்துப் பக்கம் படு. நான் சொன்னேன். கேக்கல. ராத்திரி முழுக்க மாட்டுக்கிட்டப் பேசுறே, தூக்கத்துல. மாடு பேரெல்லாம் சொல்றே. என் பேர் சொல்லல!"

"விடியறதுக்கு முன்னாடி எழுந்து தடதடன்னு ஓடறியே, அது யாரு?"

"வெண்ணெய் பக்கத்துல மாட்டுக் களிம்பு வெச்சது யாரு? உங்கம்மா அதை ரொட்டியில தடவினாங்க!"

"தடவினாங்க, ஆனா சாப்பிடல! அந்த நாத்தத்துக்கு அம்மா உன் பீட்ரூட்டைத்தான் சந்தேகப்பட்டாங்க!"

சண்டை கிர்கிஸில் தொடங்கி, ரஷ்ய மொழிக்குத் தாண்டி, லிதுவேனிய மொழியில் தனியாகக் கொஞ்ச தூரம் ஓடித் திரும்பி வந்தது. கலிபா சூராவின் முன்னால் சூடான போர்சோக்கும் பாலாடையும் வைத்தாள். சூரா விதிப்படி ஒன்றை மட்டும் பிட்டாள். பிறகு விதியை மறந்து இன்னொன்றை எடுத்தாள். அவள் கையில் கோப்பு திறந்திருந்தது. முதலில் எழுந்திருப்பது யார், சுவர்ப் பக்கம் படுப்பது யார், மாமியாரோடு எப்படி, சாப்பாட்டில் எது ஆகாது என்றெல்லாம் இருவரையும் தனித்தனி அறையில் வைத்துக் கேட்க வேண்டிய கேள்விகள் அதில் வரிசையாக இருந்தன. அவள் ஒன்றையும் கேட்கவில்லை. சண்டை போகிற போக்கில் ஒவ்வொன்றாகக் குறித்துக்கொண்டே வந்தாள். ஒரே ஓர் இடத்தில் மட்டும் கையைத் தூக்கினாள்.

"ஒரு நிமிஷம். குறட்டை யாரு?"

"அவன்!" "அவ!" என்றார்கள் இருவரும்.

"ரெண்டு பேரும்" என்று எழுதிக்கொண்டு, "மேல சொல்லுங்க" என்றாள்.

டைவா அடுத்த ஈட்டு மாவைச் சட்டியில் போட்டாள். எண்ணெய் சடசடத்தது.

"இருபது வருஷமா இந்த வேலை பாக்கறேன்" என்றாள் சூரா. "பொய்யாக் கல்யாணம் பண்ணினவங்க எங்கிட்டச் சண்டை போட்டதே கிடையாது. கையைக் கோத்துக்கிட்டு உக்காந்திருப்பாங்க. அதனால கேள்வியெல்லாம் சரி. ஆனா ஒரே கூரைங்கிற இடம் காலியா இருக்கு. ஆளுக்கொரு கூரையில இருக்கீங்க. நான் கண்ணால பாத்ததைத்தான் எழுதுவேன். பனி பிடிக்கிறதுக்குள்ள நான் கணவாயைத் தாண்டணும். அதுக்குள்ள பாத்தா எழுதுவேன். இல்லேன்னா இல்ல."

குபானிச் தரையைப் பார்த்தான். பிறகு, கல்யாணமான நாளிலிருந்து செய்யாத ஒன்றைச் செய்தான். எல்லோரும் நிற்கும்போது மனைவியின் முகத்தைப் பார்த்துப் பேசினான்.

"காகிதம் வந்தாலும் வா, வராட்டியும் வா."

"வரலேன்னா? நான் வெளியே போகணும்."

"லிதுவேனியாவுல மாட்டுக்குச் சீக்கு வராதா? நானும் வர்றேன்."

டைவா மாவுக் கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். மூக்கு வெள்ளையானது.

"ஜன்னல்?"

"பாதி."

அவள் அப்பாவின் பக்கம் திரும்பினாள். இஷென்குல் கூரையைப் பார்த்தார்.

"பொண்ணு சம்மதிச்சா நான் யாரு குறுக்க நிக்க? ஆடு வரட்டும், அவங்கம்மா வரட்டும். கூப்பிடற மாதிரிக் கூப்பிடட்டும்."

குபானிச் ஓடினான். வாய்க்கால் பலகையில் வழுக்கி ஒரு காலை நனைத்துக்கொண்டான். புருல் தலைத்துணியை மாற்றிக்கொண்டு, பக்கத்து வீட்டுப் பெண்கள் இருவரைக் கூட்டிக்கொண்டு, ஆட்டோடு வந்து சேர்வதற்குள் மலை பாதிவரை வெளுத்துவிட்டது. சூரா வாசலில் நின்று வானத்தைப் பார்த்தாள். தான் வந்த ஜீப்பைப் பார்த்தாள். மறுபடி வானத்தைப் பார்த்தாள்.

பேரம் பேசாத தகப்பன் பெண்ணை அவமதிக்கிறான். ஆகவே இஷென்குல் ஆட்டைச் சுற்றி வந்தார். வாலைத் தூக்கிப் பார்த்தார்.

"சம்பந்தி, இது ஆடா, ஆட்டோட ஞாபகமா?"

"கொழுத்த ஆடுதான் கொண்டாந்தேன்" என்றாள் புருல். "உங்க வாசல்ல நின்னு உங்க கதையைக் கேட்டதுல இளைச்சுப் போச்சு."

பக்கத்து வீட்டுப் பெண்கள் சிரித்தார்கள். இஷென்குலுக்கே சிரிப்பு வந்தது. அதைத் தும்மலாக மாற்றிக்கொண்டு ஆட்டை ஏற்றுக்கொண்டார்.

இன்னும் ஒரு குறை இருந்தது. பெண் புகுந்த வீட்டுக்குத் தனியாகப் போகக் கூடாது. பெண் வீட்டுப் பக்கத்திலிருந்து ஒரு பெண் அவள் பையைச் சுமந்து கூடவே போக வேண்டும். கலிபாவின் முழங்கால் அந்தப் பலகையைத் தாண்டாது. ஐந்து மருமகள்களும் நகரத்தில். இஷென்குலின் பார்வை மெல்ல நகர்ந்து கேப்டனின் மேல் வந்து நின்றது.

"நீங்க யாரு பக்கம்?"

"நான் அரசாங்கம், அக்சகால்."

"அரசாங்கம் யாரு பக்கமும் சாயாதுன்னு சொல்வாங்க. அப்ப இங்க வந்து நில்லுங்க. எங்க பக்கம்தான் ஆள் கம்மி."

"அதெல்லாம் முடியாது."

"அந்த வீட்டுக்குப் போய்ப் பாக்கணுமா வேண்டாமா?"

"பாக்கணும்."

"இவ போற நேரத்துலதானே பாக்கணும்?"

"ஆமா."

"போற வழியில ஒரு பையைத் தூக்குங்கன்னுதானே சொல்றேன்."

சூரா பையைப் பார்த்தாள், கணவாயைப் பார்த்தாள். பிறகு கோப்பைக் கோட்டுக்குள் செருகிக்கொண்டு பையைத் தூக்கினாள். பை கனத்தது. உள்ளே குதிரைகளைப் பற்றிய புத்தகங்கள்.

முன்னால் புருல், பின்னால் டைவா, அவள் பக்கத்தில் சீருடையில் கேப்டன், கடைசியில் ஒரு கால் நனைந்த குபானிச். வாய்க்கால் பலகையில் டைவா கேப்டனின் கையைப் பிடித்துத் தாண்டவைத்தாள். வீட்டு வாசலில் புருல் வழக்கப்படி மிட்டாயும் போர்சோக்குமாக இறைத்தாள். ஒரு மிட்டாய் கேப்டனின் காலருக்குள் விழுந்தது. டைவா வலது காலை வைத்து உள்ளே போனாள். பூட்ஸைக் கழற்றி, எப்போதும் வைக்கும் இடத்தில் குபானிச்சின் பூட்ஸின் மேலேயே போட்டாள். அவன் அதை எடுத்துப் பக்கத்தில் வைத்தான். கேப்டன் அதைப் பார்த்தாள்.

பெண் வீட்டிலிருந்து வந்தவளை வெறும் தலையோடு அனுப்பும் வழக்கம் இல்லை. புருல் பெட்டியைத் திறந்து, ரோஜாப் பூப்போட்ட புதுத் தலைத்துணி ஒன்றை எடுத்து, சூரா வேண்டாம் வேண்டாம் என்பதற்குள் அவளுடைய சீருடைத் தொப்பியைக் கழற்றிவிட்டுக் கட்டிவிட்டாள். டீக்கெண்டி வந்தது.

"கொஞ்சம் பொறுங்க" என்றாள் சூரா.

அவள் கோப்பை எடுத்து மடியில் வைத்து எழுதினாள். "ஒரே கூரையின் கீழ் வசிக்கிறார்கள். மனைவி வீட்டுக்குள் நுழைந்ததை நேரில் கண்டேன். நம்பத்தக்க குடும்பம். தங்கும் அனுமதி தரலாம்." குபானிச் இதையும் தலைகீழாகவே படித்தான். இந்த முறை இரண்டு தடவை படித்தான்.

தாளின் அடியில் ஒரு வரி அச்சாகியிருந்தது. விண்ணப்பதாரர் குடும்பத்துக்கும் தனக்கும் எவ்வித உறவும் இல்லை என்று ஆய்வு செய்தவர் உறுதி கூற வேண்டும்.

சூரா அந்த வரியைப் படித்தாள். பேனாவைக் கீழே வைத்தாள். தலைத்துணியை அவிழ்த்து, நான்காக மடித்து, பக்கத்தில் வைத்தாள். தொப்பியை எடுத்துப் போட்டுக்கொண்டு கையெழுத்திட்டாள். முத்திரை குத்தினாள். ஊதிக் காயவைத்தாள். கோப்பை மூடிக் கயிற்றால் கட்டினாள்.

பிறகு தொப்பியைக் கழற்றிவிட்டு, தலைத்துணியை மறுபடி கட்டிக்கொண்டாள்.

"இப்ப ஊத்துங்க டீயை, சம்பந்தி" என்றாள்.